பதினைந்து பக்கத்து வீடுகள்

அந்த அறையில் அப்போது இருந்தவர்கள்:

மதியச் சாப்பாடு ஆறிப்போன கடுப்பில் ஓர் இன்ஸ்பெக்டர்.

இஸ்திரி கலையாத சட்டையில் இன்சூரன்ஸ் கம்பெனி மேனேஜர்.

கையில் விலங்கோடு ஒரு கீசர் மெக்கானிக்.

மடியில் லேப்டாப்போடு அவன் தங்கை. அந்த மேனேஜரிடம்தான் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்க்கிறாள்.

கம்பிக்குப் பின்னால், வேறு கேஸில் மாட்டிய ஒரு பிக்பாக்கெட். தொழில் வட்டாரத்தில் பிளேடு.

ஒரு பிணமும் இருந்தது. மேஜை மேல், போட்டோவாக.

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் எடுத்தார். கேட்டார். வைத்தார்.

"கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போற வேன் கிளம்பிடுச்சு. உங்க அண்ணன ஏத்திட்டா அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல. சொல்ல வேண்டியத இப்பவே சொல்லும்மா."

"என் அண்ணன் கொலைகாரன் இல்ல சார்."

"எல்லா தங்கச்சியும் இதத்தான் சொல்லும்."

விஷயம் இதுதான்.

இந்தக் கோடையில் ஊரில் நிறைய வீடுகள் பற்றி எரிந்தன. எல்லாமே மீட்டர் பெட்டியில் தொடங்கிய தீ. பொருள் போனது, உயிர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அதுவும் போனது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் புகை அப்படியே அமுக்கிவிட்டது. மேனேஜருக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவர்.

யாரோ வேண்டுமென்றே கொளுத்துகிறார்களா என்று இன்ஸ்பெக்டர் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்டார். மேனேஜர் ஊரில் உள்ள வீடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு அலசினார். கட்டடத்தின் வயது, மாடி, கரண்ட் உபயோகம், யார் யார் ரிப்பேருக்கு வந்தார்கள்... எல்லாம்.

விடை வந்தது. இந்த மெக்கானிக் போன வீடுகள், மற்ற வீடுகளைப் போல நான்கு மடங்கு எரிந்திருக்கின்றன.

"ஆறு லட்சம் வீடும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆறு லட்சத்துப் பன்னெண்டாயிரம்," என்று திருத்தினார் மேனேஜர்.

"சரி, அதுதான். இது தற்செயலா இருக்க கோடியில ஒரு பங்குகூட சான்ஸ் இல்லன்னு சார் சொல்றாரு."

"அப்படி நான் சொல்லல. தற்செயலா மட்டும் நடந்திருந்தா இவ்வளவு பெரிய வித்தியாசம் வர்றதுக்கு கோடியில ஒரு பங்கு வாய்ப்பும் இல்லன்னு சொன்னேன். ரெண்டும் வேற."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். மேனேஜருக்கு அது ஒரு வியாதி. எதிரில் ஒருவர் தப்பாகப் பேசினால், திருத்தாமல் சோறு இறங்காது.

தங்கை லேப்டாப்பைத் திறந்தாள்.

"சார், ஒரு சண்ட கேஸ். ஒரே தெருவுல பத்து வீட்டுக்காரங்க வந்து சாட்சி சொல்றாங்க. பத்து பேரும் எதிர்வீட்டு அம்மா சொன்னத கேட்டுட்டு வந்து அப்படியே ஒப்பிக்கறாங்க. உங்களுக்கு எத்தன சாட்சி?"

"ஒண்ணு. அந்த எதிர்வீட்டு அம்மா."

"வீடும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்து வீடெல்லாம் ஒரே காலத்துல கட்டினது. ஒரே டிரான்ஸ்பார்மர். ஒரே கான்ட்ராக்டர் இழுத்த வயரு. ஒண்ணு எரிஞ்சா அடுத்ததும் எரியும். அத ஆறு லட்சம் தனித்தனி சாட்சின்னு எண்ணினா, இல்லாத உறுதியெல்லாம் வந்துரும். எங்க அண்ணனுக்கு தொழில் பெரும்பாலும் பழைய மில் பக்கம்தான். அங்கதான் வீடெல்லாம் எரியுது. ஆக, இவன் போன வீடு எரியுதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது."

"காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கத," என்றது கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"பிளேடு, வாய மூடு."

"மூடிட்டேன் சார்."

"இதுக்கு ஆதாரம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் திரையைத் திருப்பினாள். ஊரின் வரைபடம். அதில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள்.

"சாரோட கணக்கு எந்த வீட்டுல எவ்வளவு தப்பா போச்சுன்னு கலர் அடிச்சிருக்கேன். கணக்க மிஞ்சி எரிஞ்சா சிவப்பு, குறைஞ்சா நீலம். நல்ல கணக்குன்னா, தப்பு கடுகு சிந்தின மாதிரி எங்க வேணா சிதறிக் கிடக்கணும். பாருங்க."

சிவப்பு சிதறிக் கிடக்கவில்லை. பழைய மில் பக்கம் திட்டாக, ரத்தக்கட்டு மாதிரி கன்னிப்போய்க் கிடந்தது.

மேனேஜர் சிரித்தார்.

"அழகா இருக்கும்மா. பக்கத்து வீட்டு பாதிப்ப கணக்குல சேக்கணும்னா ஒவ்வொரு வீட்டையும் மத்த எல்லா வீட்டோடயும் ஜோடி போட்டுப் பாக்கணும். ஆறு லட்சத்த ஆறு லட்சத்தால பெருக்கு. முப்பத்தாறாயிரம் கோடி கட்டம். உன் லேப்டாப் வெடிச்சுரும். அப்புறம் இந்த ஸ்டேஷனும் எரியும். அதுக்கும் உங்க அண்ணன்தான் பொறுப்பு."

மெக்கானிக் தலையைத் தூக்கினான். "பாப்பா, வெடிக்குமா?"

"நீ சும்மா இரு அண்ணா." அவள் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "சார், ஒரு வீட்டு சங்கதி தெரியணும்னா ஊரையே விசாரிப்பீங்களா?"

"அக்கம்பக்கத்துல விசாரிப்பேன்."

"அவ்வளவுதான். ஒவ்வொரு வீடும் தனக்கு ரொம்பக் கிட்ட இருக்கற பதினஞ்சு வீட்டமட்டும் கேட்டா போதும். ஊருக்கு அந்தக் கோடில இருக்கற வீடு புதுசா ஒண்ணும் சொல்லப்போறதில்ல. முப்பத்தாறாயிரம் கோடி, ஒரு கோடிக்கும் கீழ வந்துரும்."

"ஓட்டு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார், அது எங்க ஆபீஸ் டேட்டா..."

"இது என் ஆபீஸ் சார்."

அவள் ஓட்டினாள். உடனே நின்றது.

திரையில் ஒரு பிழைச் செய்தி. சில வீடுகளுக்கு இடையே தூரம் பூஜ்யம்... ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இப்படி இருந்தால் கணக்குப் போட முடியாது என்றது புரோகிராம்.

அவளுக்கு அதை நோண்டிப் பார்க்க நேரமில்லை. அந்த வீடுகளை ஆளுக்கு ஒரு அடி தள்ளி வைத்தாள். அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற காரியம்தான். மறுபடி ஓட்டினாள்.

ஓடியது.

வெளியே ஒரு ஹாரன் சத்தம். மெக்கானிக் சட்டென்று எழுந்தான். விலங்கு கிலுகிலுத்தது.

"அது பால் வண்டி," என்றான் பிளேடு. "போலீஸ் வேன் ஹாரன் இவ்வளவு மரியாதையா இருக்காது."

விடை வந்தது. அவள் திரையை அப்படியே இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள்.

பக்கத்து வீடுகளைக் கணக்கில் சேர்த்ததும், மெக்கானிக்கின் நான்கு மடங்கு காணாமல் போயிருந்தது. அவன் போன வீடும் போகாத வீடும் ஒன்றுதான்.

"கொளுத்தறது ஆள் இல்ல சார். மில் பக்கம் பூரா பழைய லைன்."

"அப்போ பெரியவர் செத்தது?"

"அவர் வீட்டுக்கும் ரிஸ்க் ஜாஸ்தின்னுதான் காட்டுது. விபத்து."

"விபத்துதான்," என்றார் மேனேஜர். சட்டென்று. "நான் தப்பு பண்ணிட்டேன். ஒத்துக்கறேன். பையன விட்டுருங்க பாவம். நான் கிளம்பட்டுமா?"

எழுந்தே விட்டார்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் அவரிடம் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். அந்த மனிதர் தப்பை ஒத்துக்கொண்டு அவள் பார்த்ததே இல்லை. ஒரு முறை லிப்ட் தப்பான மாடியில் நின்றதற்கு, மாடிதான் தப்பு என்று வாதாடியவர்.

அவள் விரல்கள் தானாகவே அந்தப் பிழைச் செய்திக்குப் போயின. ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்த வீடுகள். எவை அவை?

திறந்தாள்.

முகவரி சரியாகச் சிக்காத வீடுகள். இப்படிப்பட்டவற்றைக் கம்ப்யூட்டர் எங்கே வைக்கும் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வட்டாரத்தின் நட்டநடுவில் ஒரே புள்ளியில் குவித்துவிடும். இங்கே நட்டநடு என்பது பழைய மில்.

அந்தக் குவியலில் பெரியவர் வீடும் இருந்தது.

அவள் விரல் அந்தப் புள்ளியிலேயே நின்றது.

"என்னம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார்... பெரியவர் வீடு எங்க இருக்கு?"

"கால்வாய்க்கு அந்தப் பக்கம். புதுக் காலனி."

"மேப்புல மில்லு பக்கத்துல இருக்கு."

"மேப்புல நான் அந்த வீட்ட தேடல. எனக்கு சார் குடுத்த நம்பர்தான் தெரியும்."

அவள் அந்த ஒற்றைப் புள்ளியைப் பிடித்து, கால்வாயைத் தாண்டி இழுத்து வைத்தாள். அதன் உண்மையான பதினைந்து பக்கத்து வீடுகளைக் கேட்டாள். எல்லாம் புதுசு. ஒன்றிலும் தீ இல்லை. ரிஸ்க் பாதாளத்துக்கு இறங்கியது.

அதாவது, அது விபத்து இல்லை. மற்ற தீ விபத்துகளின் கூட்டத்தில் யாரோ ஒரு கொலையைச் செருகியிருக்கிறார்கள்.

அதாவது, அவள் இப்போதுதான் வெளியே இழுத்த அண்ணனைத் திரும்ப உள்ளே தள்ளப்போகிறாள். போன மாதம் அந்த வீட்டுக்குப் போய்க் கீசர் பார்த்தவன் அவன்.

அவள் சொன்னாள். முழுவதும் சொன்னாள்.

மெக்கானிக் அவளையே பார்த்தான்.

"பாப்பா, ஜெயிச்சுட்டு எழுந்து வர வேண்டியதுதானே. மறுபடியும் எதுக்கு உட்கார்ந்து ஆடற?"

"தப்பு அண்ணா அது. புள்ளி தப்பா இருக்கு."

"புள்ளி தப்பா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நான் சரியா இருப்பேன்ல?"

வெளியே இன்னொரு ஹாரன். இந்த முறை மரியாதை இல்லாத ஹாரன்.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப என் முதல் கணக்குதான் சரி. மெக்கானிக்தான்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தார். போட்டோவை எடுத்து மேஜையில் இரண்டு தட்டு தட்டினார்.

"சார், உக்காருங்க. பெரியவர் வீட்டுக்கு நீங்க போயிருக்கீங்களா?"

"இல்ல. அவர் வீடு மாறினதுக்கு அப்புறம் போனதில்ல."

"தீ விழுந்த அப்புறம்?"

"எதுக்குப் போறேன்? பேப்பர்ல பாத்தேன்."

"சரி. பேப்பர்ல வராத ஒண்ணு சொல்றேன். அந்த மீட்டர் பெட்டிக்குள்ள ஒரு பொருள் கிடைச்சுது. எரிஞ்சது போக மிச்சம். எனக்கும் என் கான்ஸ்டபிளுக்கும் மட்டும்தான் தெரியும். லேபுக்கு அனுப்பியிருக்கேன். யாரோட கைரேகைன்னு சாயங்காலம் வந்துரும்."

"வராது," என்றார் மேனேஜர், வியாதிக்காரர். "துணி சுத்தின வயர்ல எங்க சார் கைரேகை..."

நின்றார்.

கை தானாக வாயைப் பொத்தியது.

"அட," என்றான் பிளேடு.

இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சிரித்தார். "துணி சுத்தின வயர்தான். அந்தக் காலத்து வயர். புது வீட்டு மீட்டர் பெட்டியில அது எப்படி வந்துச்சுன்னு ரெண்டு நாளா மண்டைய பிச்சுக்கறேன். மெக்கானிக்தான் பழைய வயர சொருகிட்டான்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு சார் சொருகணும்?" என்றான் மெக்கானிக். "அந்தக் காலனில நிக்கறவனுக்கே தெரியும், எல்லாம் புது வீடுன்னு. பழைய வயர வெச்சா குழந்தகூட கண்டுபிடிச்சுரும்."

"அங்க வந்து நின்னவனுக்குத் தெரியும்," என்றாள் தங்கை. அவள் குரல் சன்னமாகியிருந்தது. "உக்காந்த இடத்துல, எங்க கம்ப்யூட்டர் வீட்டுக்கு வீடு போடற ரிஸ்க் ஸ்கோர மட்டும் பாத்தவருக்குத் தெரியாது. வீட்டு நம்பர தட்டினா ரிஸ்க் ஜாஸ்தி, பழைய லைன்னு வரும். நம்பி, மில் பக்கத்துல தொங்கற வயர்ல ஒரு துண்ட எடுத்துட்டுப் போயிருக்காரு. புது வீடுன்னு அங்க போய்த்தான் தெரிஞ்சிருக்கும், அப்போ கையில வேற வயர் இல்ல. அந்த ஸ்கோர் பாக்கற அனுமதி எங்க ஆபீஸ்ல ரெண்டே பேருக்கு. ஒண்ணு நான்."

"ஏன் சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேனேஜர் போட்டோவைப் பார்த்தார். பதில் தங்கையிடமிருந்து வந்தது.

"வெள்ளிக்கிழம பெரியவர் ஆபீஸுக்கு வந்தாரு. எந்த வீடு எரியும்னு ஸ்கோர் போடற சாரோட மாடலுக்குத்தான் அவருக்கு டைரக்டர் பதவி தர்றதா இருந்தாங்க. பரீட்ச வெச்சதுல தொண்ணூத்தாறு மார்க் எடுத்த மாடல். சார் வீடுகள குலுக்கிப் போட்டு, பாதிய பாடமா வெச்சு, மீதிய கேள்வியா கேட்டிருக்காரு. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்து வீடு பாடத்துலயே இருந்துச்சு. 'இது படிச்சு எடுத்த மார்க் இல்ல, பக்கத்துல பாத்து எழுதின மார்க். தெரு தெருவா பிரிச்சு வெச்சுக் கேளு, அம்பதுகூட தாண்டாது. திங்கக்கிழம போர்டுல சொல்லப்போறேன்'னு கத்திட்டுப் போனாரு. நான் அது ஏதோ பெரியவங்க சண்டன்னு விட்டுட்டேன்."

"அம்பத்தொண்ணு," என்றார் மேனேஜர். தரையைப் பார்த்துக்கொண்டே. "நான் அப்புறம் ஓட்டிப் பாத்தேன். அம்பத்தொண்ணு வந்துச்சு."

கடைசிவரை திருத்திவிட்டார்.

கான்ஸ்டபிள் மெக்கானிக்கின் விலங்கைக் கழற்றினான். கழற்றிய சூட்டோடு அதே விலங்கு மேனேஜரின் இஸ்திரி கலையாத கைக்கு மாறியது. மெக்கானிக் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு தங்கையிடம் வந்தான்.

"ஏன் பாப்பா, புள்ளிய நகர்த்தினியே... நான் மாட்டியிருந்தா?"

"மாட்டியிருந்தா மறுபடி ஓட்டியிருப்பேன்."

"வேன?"

"கணக்க. போய் முகம் கழுவு."

இன்ஸ்பெக்டர் சாவிக்கொத்தை எடுத்தார். லாக்கப்பில் இரண்டு அறைகள். ஒன்றில் பிளேடு. இன்னொன்று, மெக்கானிக் இருந்தது, இப்போது காலி.

"சார், வேன சாயங்காலம் வரச் சொல்லி திருப்பி அனுப்பிட்டேன். இப்போதைக்கு நீங்க இங்க."

மேனேஜர் வாசலிலேயே நின்றார். "ஒரு பிக்பாக்கெட் பக்கத்துலயா? நான் முதுகலை தங்கப்பதக்கம்."

"நானும் தங்கத்துல கை வெச்சுத்தான் உள்ள வந்தேன்," என்றான் பிளேடு.

இன்ஸ்பெக்டர் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார். கதவைச் சாத்தினார். சாவி இரண்டு சுற்று சுற்றியது.

கம்பிக்கு அந்தப் பக்கம் பிளேடு எழுந்து வந்து நின்றான். முகத்தில் நிஜமான கவலை.

"சார், எனக்கு இடம் மாத்திக் குடுங்க. பக்கத்துல இருக்கறவன் எப்படியோ அப்படித்தான் நாமளும் ஆவோம்னு அந்தப் பொண்ணு கணக்கே போட்டுக் காட்டிருச்சு. நான் திருடன்தான்... கொலைகாரன் ஆகற அளவுக்கு எனக்குப் படிப்பு பத்தாது."