வெண்புறாவுக்கு ஒரு வீட்டுப்பாடம்

போன் அலறியது!

ஸ்னெஜானா டீச்சர் எடுக்கவில்லை. அவள் கண்கள் கலினாவின் நோட்டில் குத்திட்டு நின்றன.

'ஊரில் கண்ணில் படும் ஏதாவது ஒரு கவிதையைப் பற்றி மனதில் பட்டதை எழுதி வா.' இதுதான் வீட்டுப்பாடம். மற்ற பிள்ளைகள் சினிமாப் பாட்டை எழுதி வந்திருந்தார்கள். கலினா மட்டும் விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த அஞ்சலி நோட்டீஸைக் கிழித்து வந்து ஒட்டியிருந்தாள்.

'மருந்து தந்த மாமணியே, மறைந்தாயோ வெண்புறாவே!
பாசமிகு தந்தையே, பரலோகம் போனாயோ!'

கீழே அவள் எழுதியிருந்தாள்.

'மருந்துக்கடை பென்கோவ் எங்கள் மேல்மாடிக்காரர். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. யாருக்குத் தந்தை? வெண்புறாவாம்! பால்கனிக்கு வந்த புறாக்கள் மேல் வெந்நீர் ஊற்றியவர் அவர். இதை எழுதிய ஆள் செத்தவரைப் பார்த்ததே இல்லை. மதியம் சவப்பெட்டிக் கடைக்குப் போய் யார் எழுதியது என்று கேட்கப் போகிறேன்.'

டீச்சரின் காது மடல் சூடானது. எழுதியது அவள்தான்!

இலக்கிய ஆசிரியை... ஆறு வருடமாக யாருக்கும் தெரியாமல் சவப்பெட்டிக் கடை ராஷ்கோவுக்கு அஞ்சலிக் கவிதை எழுதிக் கொடுக்கிறாள். வெளியே தெரிந்தால் லோவெச் ஊரே கை கொட்டிச் சிரிக்கும்.

ஆனால் அவளை உறைய வைத்தது அந்த அவமானம் இல்லை.

நோட்டீஸில் இருந்த தேதி!

'நேற்று, புதன் இரவு, காலமானார்.'

அவள் அதை எழுதி அனுப்பியது திங்கட்கிழமை சாயங்காலம்! 'மருந்துக்கடைக்காரர், எழுபது வயசு, நாலு வரி போதும்' என்று ராஷ்கோ கேட்டிருந்தான். பெயரைச் சொல்லவில்லை. செத்தவருக்குத்தானே எழுதுகிறோம் என்று இவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பென்கோவ் உயிரோடு இருந்தார்!

போன் விடாமல் அலறியது. எடுத்தாள்.

"டீச்சரம்மா! ராஷ்கோ பேசறேன். உங்க வகுப்புப் பொண்ணு ஒண்ணு கடைக்கு வந்திருக்கு. கலினாவாம். யார் எழுதினது, என்னைக்கு எழுதினதுன்னு துளைச்சு எடுக்குது."

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"நம்ம ரகசியத்தை நான் சொல்வேனா? காபி போட்டுக் குடுத்திருக்கேன். குடிக்கட்டும்."

"அவகிட்ட போனைக் குடுங்க ராஷ்கோ."

"எதுக்கு?" குரலில் இருந்த தேன் வற்றியது. "ஆமா... என்னைக்கு எழுதினீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா டீச்சரம்மா?"

"எனக்கெங்க ஞாபகம்..."

"இருக்கு போல இருக்கே!"

லைன் செத்தது.

அடிப்பாவி மகளே, அந்தக் காபியைத் தொடாதே! டீச்சர் கோட்டைக்கூட மாட்டாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

இன்ஸ்பெக்டர் போக்டான் அவளுடைய பழைய மாணவன். மேஜையில் பாதி தின்ற சீஸ் ரொட்டியோடு நிமிர்ந்தான்.

"பென்கோவா? டாக்டர் மாரடைப்புன்னு எழுதியாச்சு டீச்சர். ரெண்டு மணிக்கு அடக்கம்."

"கொலைடா! ராஷ்கோ பண்ணியிருக்கான்! என் வகுப்புப் பொண்ணு இப்ப அவன் கடையில மாட்டியிருக்கா!"

"ராஷ்கோவா? ஆறு மாசமா அந்தக் கிழவருக்கு சூப் கொண்டு போய்க் குடுத்தவன் அவன்."

"எதுக்குக் குடுத்தான்?"

"சாகற வரைக்கும் பார்த்துக்கணும், செத்தா வீடு இவனுக்கு. ஊர்ல பாதி கிழடுங்க அப்படித்தான் எழுதி வெச்சிருக்கு."

"கிழவர் சாகலேன்னா?"

போக்டான் ரொட்டியைக் கீழே வைத்தான். "ஆதாரம் வேணும் டீச்சர். சும்மா போய்க் கதவை உடைக்க முடியாது."

ஆதாரம் அவள் கைப்பையில்தான் இருந்தது. எடுத்தால் மானம் போகும். எடுக்காவிட்டால் பெண்ணின் உயிர் போகும்.

மானமாவது மண்ணாவது! போனை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாரு. திங்கட்கிழமை ஆறு மணி. அந்தக் கவிதையை எழுதினது நான். செத்த மறுநாளே புதைச்சாகணும், விடியறதுக்குள்ள கம்பத்துல நோட்டீஸ் ஒட்டியாகணும். கவிதை இல்லாம ஒட்டினா ஊர் அவனைக் காறித் துப்பும். நானோ நாலு வரிக்கு ரெண்டு நாள் எடுப்பேன். அதான் முன்கூட்டியே கேட்டு வாங்கிட்டான் பாவி!"

போக்டானின் வாய் பிளந்தது.

"டீச்சர்... எங்க அப்பா நோட்டீஸ்ல 'பால்கன் மலையே சாய்ந்தாயோ'ன்னு..."

"அதுவும் நான்தான்டா."

"குடும்பமே அதைப் படிச்சுப் படிச்சு அழுதோமே டீச்சர்!"

"அப்புறமா அழு. வண்டியை எடு!"

ஜீப் சீறியது. சிவப்பு விளக்கு... தாண்டியது! பாலம்... தாண்டியது!

கடையின் கதவு சாத்தியிருந்தது.

உள்ளேயிருந்து ஓர் அலறல்!

டீச்சருக்கு உயிரே போயிற்று. பிறகுதான் உறைத்தது. அது ஆண் குரல்!

போக்டான் ஒரே உதையில் கதவைத் திறந்தான். மலர் வளையங்கள் சிதறிக் கிடந்தன. நடுவில் ஒரு சவப்பெட்டி. மூடியின் மேல் கலினா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டி உள்ளிருந்து தடதடத்தது.

"வாங்க டீச்சர். ஆள் உள்ள இருக்கார்."

"காபி... காபியைக் குடிச்சியாடி?"

"குடிப்பேனா? எனக்கு மட்டும் போட்டார், தனக்குப் போட்டுக்கலை. நம்ம ஊர்ல எவனாவது விருந்தாளியைத் தனியா காபி குடிக்க விடுவானா? சந்தேகமா இருந்துச்சு. குடி குடின்னு கழுத்தைப் பிடிச்சார். மூஞ்சியில ஊத்தினேன். தடுமாறிப் பெட்டிக்குள்ள விழுந்தார். மூடிட்டேன்."

போக்டான் கோப்பையின் அடியில் தங்கியிருந்த காபியை முகர்ந்தான். பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான்.

"பென்கோவைப் புதைக்க வேண்டாம்னு போன் போடறேன். ரத்தத்தைச் சோதிச்சா விஷம் தெரிஞ்சுடும்."

டீச்சர் கலினாவை இறுகக் கட்டிக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கலினா... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கவிதை... நான்தான் எழுதினேன்."

"தெரியும் டீச்சர். முதல் வரியிலேயே தெரிஞ்சுடுச்சு. எதுக்கெடுத்தாலும் 'மாமணியே'ன்னு வேற யார் சொல்வா?"

"தெரியுமா! அப்புறம் எதுக்குடி இங்க வந்து யார் எழுதினதுன்னு கேட்டே?"

"சும்மா பேச்சுக் குடுத்தேன் டீச்சர். இவ்வளவு கேவலமா எழுதச் சொல்லி உங்க கழுத்துல கத்தி வெச்சது யாருன்னு கண்டுபிடிக்கத்தான் வந்தேன்!"