காயாத துண்டு

கொடியில் காயப்போட்ட துண்டு விடிந்தபோது நனைந்திருந்தது. மழை பெய்து இரண்டு மாதம். பக்கத்தில் தொங்கிய புஸ்பராணியின் சீலை மொறுமொறுவென்று காய்ந்திருக்க, ஞானசேகரத்தின் வெள்ளைத் துண்டிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிச் சொட்டி, கீழே மணலில் ஒரு சிறு குழி விழுந்திருந்தது. பிழிந்து முகர்ந்து பார்த்தார். உப்பு. அதற்கும் அடியில் தோணிப் பலகையில் ஊறிப்போன மீனெண்ணெய் நாற்றம்.

"ஆர் இதை நனைச்சது?"

"போன கிழமையும் இதைத்தான் கேட்டனீங்கள்," என்றாள் மனைவி புஸ்பராணி, குசினிக்குள்ளிருந்து.

போன கிழமை இருந்தது வேறு துண்டு. அதை அவர் கிணற்றடியில் ஆழமாகப் புதைத்துவிட்டார். இது தோப்பூர்ச் சந்தையில் வாங்கியது, இன்னும் கடலையே பார்த்திராதது.

வெருகலுக்கு வடக்கே உள்ள அந்தக் கரையில் கரைவலைக்கு மீன் பார்த்துச் சொல்வது ஞானசேகரத்தின் தொழில். கயிற்றின் ஒரு முனை கரையில் இருக்கும். மறு முனையோடும் வலையோடும் ஏழு பேர் தோணியில் போவார்கள். தோணியில் இருப்பவனுக்கு மீன்கூட்டம் தெரியாது, மணல் மேட்டில் நிற்பவனுக்குத்தான் தண்ணீரில் கருமையாகத் தெரியும். அவன் துண்டை இடப்பக்கம் வீசினால் தோணி இடம் போகும், வலப்பக்கம் வீசினால் வலம் போகும். தலைக்கு மேலே சுழற்றினால், வளைத்துக்கொண்டு கரைக்கு வா என்று அர்த்தம். சுழற்றும்வரை தோணி திரும்பாது, சுழற்றியபின் ஏன் என்று கேட்காது. பெண்சாதி சொல் கேட்காதவனும் சேகரத்தாரின் துண்டுக்கு அடங்குவான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கேலியில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமையோடுதான் வைகாசியிலும் மேட்டில் நின்றார். கடலுக்குப் போகத் தடை என்று அன்று காலை ரேடியோவில் சொன்னார்களாம். தோணி விடியுமுன்பே போய்விட்டது. ஊரைச் சோதனை போட வந்த சீருடைக்காரர் கடற்கரைக்கு இறங்கியபோது கரையில் இரண்டே பேர்: மேட்டில் ஞானசேகரம், கீழே கயிற்று முனையைப் பிடித்தபடி அவருடைய மகன் தவராசா. தவராசாவைத் தாழம் புதருக்குள் இழுத்து, முழந்தாளில் இருத்தி, பிடரியில் துவக்கை வைத்தார்கள். மற்றவர்கள் பக்கத்தில் பதுங்கினார்கள். அதிகாரி அரைகுறைத் தமிழில் சொன்னது ஒன்றுதான்.

"அவங்களைக் கூப்பிடு."

ஞானசேகரம் துண்டைச் சுழற்றினார்.

ஏழு பேரும் வந்தார்கள். சுக்கான் பிடித்த குலசிங்கம்தான் இடுப்பளவு தண்ணீரில் முதலில் குதித்தான், ஏதோ பகிடி சொல்லிச் சிரித்துக்கொண்டு. அவ்வளவு தூரம்தான் வந்தார்கள். சத்தம் ஓய்ந்தபின் ஏழு பேரையும் அதே நீலத் தோணியில் ஏற்றி, இயந்திரப் படகில் கட்டி, ஆழக்கடலுக்கு இழுத்துப் போனார்கள். தோணியும் வரவில்லை, பிரேதங்களும் வரவில்லை. தோணி வெகுதூரத்தில் நின்றது, வெடிச்சத்தம் மட்டும் கேட்டது என்று ஞானசேகரம் ஊருக்குச் சொன்னார். தகப்பனும் மகனும் அதைப்பற்றித் தங்களுக்குள்கூடக் கதைத்ததில்லை.

ஆடியில் தடை நீங்கியது. தோணிக்கும் வலைக்கும் சொந்தக்காரரான சம்மாட்டி இராசதுரை புதுத் தோணி இறக்கினார்.

"எனக்குக் கண் மங்கிப் போச்சு தம்பி, ஏலாது," என்றார் ஞானசேகரம்.

"நீங்கள் மேட்டில நிக்காட்டி ஒருத்தனும் தோணியில ஏறமாட்டான் அண்ணை. ஏழு வீட்டில அடுப்பு எரியேல்ல."

புதுத் தோணிக்கு ஆள் ஒன்று குறைந்தது. அந்த இடத்துக்குத் தவராசா போனான். தகப்பன் வாசலிலேயே மறித்தார்.

"நான் போகத்தான் வேணும் அப்பா," என்றான் அவன், ஈரத் துண்டைப் பார்த்தபடி. "அண்டைக்கு அவையள் வந்ததாலதானே நான் இருக்கிறன்."

பகல் சாயத் தொடங்கியபோது ஞானசேகரம் மேட்டில் நின்றார். தாழம்பூ வாசமும், காய்ந்த பாசியின் வீச்சமும், வெயிலில் வெந்த மணலின் சூடும் ஒன்றாய் எழுந்து வர, கானல் கடலையும் வானத்தையும் ஒரே தகடாக்கியிருந்தது. துண்டை வெயிலில் உதறி உதறிக் காயவைத்துத்தான் கொண்டுவந்திருந்தார். கீழே கயிற்றடியில் நாலு பேர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். கச்சான் காற்று முதுகில் அடித்தது. அது கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. பொழுது சாயச் சாய உரக்கும். அதற்குள் தோணியைத் திருப்பாவிட்டால் பிறகு எத்தனை பேர் வலித்தாலும் கரை சேர முடியாது.

பின்னால் மணல் நெரிந்தது. குலசிங்கத்தின் மனைவி நேசம்மா, கையில் சோற்றுப் பெட்டியோடு.

"ஆருக்குப் பிள்ளை சோறு?"

கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அண்டைக்கும் சோறு கொண்டு வந்தனான் அண்ணை. பனங்கூடலுக்குள்ள நிண்டனான். நீங்கள் துண்டு சுழட்டினதைக் கண்டனான்."

ஞானசேகரத்துக்கு அவளுடைய காலில் விழவேண்டும் போல இருந்தது. விழவில்லை. கண்ணைக் கடலுக்குத் திருப்பிக்கொண்டார்.

கடலில் இரண்டு தோணி நின்றன.

கண்ணைக் கசக்கினார். இரண்டுதான். ஒன்று புதிது, மஞ்சள் கோடு போட்டது. முன்பக்க அணியத்தில் தவராசாவின் சிவப்புச் சட்டை. மற்றது அதற்கும் அப்பால், நீலம், ஒரு பக்கம் பலகை பிளந்தது. அதிலும் ஏழு தலை. யாரும் துடுப்புப் போடவில்லை. எல்லா முகமும் மேட்டைப் பார்த்திருந்தன.

கீழே பீடி குடித்தவர்கள் சும்மா இருந்தார்கள். அவர்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை.

"கூப்பிடுங்கோ அண்ணை," என்றாள் நேசம்மா. "எத்தினை நாளா நிக்கினம்."

காற்று உரத்தது. மஞ்சள் தோணி சிறுத்துக்கொண்டு போனது. சுழற்றாவிட்டால் மகன் திரும்பான். சுழற்றினால்.

சுழற்றினார்.

நீலத் தோணி திரும்பியது.

மற்றது திரும்பவில்லை. சிவப்புச் சட்டை கையை நெற்றியில் வைத்துக் கரையைத் தேடியது. அவனுக்குத் துண்டு தெரியவில்லை. ஞானசேகரம் இன்னும் வேகமாகச் சுழற்றினார். இன்னும். பெயர் சொல்லிக் கத்தினார். அவ்வளவு தூரத்துக்குக் குரல் எட்டவில்லை. சிவப்பு ஒரு புள்ளியானது. பிறகு புள்ளியும் இல்லை.

கரையில் கயிறு விறைத்தது. பிடித்திருந்த நாலு பேரின் கையையும் அறுத்துக்கொண்டு கடலுக்குள் ஓடியது.

நீலத் தோணி நெருங்கியது. துடுப்புச் சத்தம் இல்லை. மீனெண்ணெய் நாற்றம். குலசிங்கம் முதலில் குதித்தான். பிறகு மற்றவர்கள். இடுப்பளவு தண்ணீரில், அன்று நின்ற அதே இடத்தில், வரிசையாக நின்றார்கள். குலசிங்கத்தின் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. நேசம்மா சோற்றுப் பெட்டியோடு தண்ணீருக்குள் இறங்கினாள்.

அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. மேட்டைத்தான் பார்த்தார்கள், அடுத்து என்ன என்று கேட்பதுபோல.

ஞானசேகரத்தின் கை தலைக்கு மேலே சுழன்றுகொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. வெயிலில் காய்ந்திருந்த துண்டிலிருந்து உப்புத் தண்ணீர் அவருடைய முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.