பேசிக்கொண்டே போனவர்கள்

நிருபமாவின் இடது காதை யாரோ இழுத்தார்கள்.

வலிக்கும்படி இல்லை. இடுப்பில் இருக்கும் கைக்குழந்தை திடீரென்று தோட்டைப் பிடித்து இழுக்குமே, அந்த மாதிரி ஒரு சின்ன இழுப்பு. அடுப்பில் ரவை வறுபட்டுக்கொண்டிருந்தது, கையில் கரண்டி இருந்தது, மல்லேஸ்வரத்தின் அந்தப் பழைய வீட்டில் அந்தச் சாயங்கால வேளையில் அவளைத் தவிர யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தாள். சமையலறை வாசல், அதற்கு அப்பால் சிவப்புத் தரை போட்ட கூடம், கூடத்தின் பாதிக்கு மேலே ஓடும் மரப் பரண். தோட்டின் திருகைத் தொட்டுப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. ரவை கருகிய வாசனை வந்த பிறகுதான், எவ்வளவு நேரமாக அப்படியே நிற்கிறோம் என்பது உறைத்தது.

"நன்னா இருக்கு போ, காதுக்கும் வயசாயிடுத்து," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

அவள் அப்படித்தான். தனியாக இருந்தாலும் வாய் ஓயாது. இவளைக் கட்டிக்கொண்ட மறுநாளே ரேடியோவை யாருக்கோ கொடுத்துவிட்டதாக அச்யுத் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அச்யுத்தின் பைத்தியம் வேறு மாதிரி. அமாவாசையன்று வெங்காயம்கூட உள்ளே வராத வீட்டில் அவன் வேட்டைச் சாமான்களைச் சேர்த்தான். புலித்தோல், மான்கொம்பு சமாசாரங்களை வாங்கவோ விற்கவோ சட்டம் விடாது. அவனுக்கும் அவற்றில் ஆசை இல்லை. வேட்டையைச் சுற்றி இருந்தவைதான் வேண்டும். பித்தளை ஊதுகொம்பு, காலித் தோட்டா டப்பாக்கள், செத்த புலிமேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கும் துரைமார்களின் பழுத்துப்போன போட்டோக்கள். விமான பாகங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலை அவனுக்கு. ஒரு திருகு குறைந்தாலும் மனசு ஆறாது. சேகரிப்பிலும் அதே குணம்தான். பாதி செட்டை வீட்டில் வைத்துக்கொண்டு அவனால் தூங்க முடியாது.

கூடத்தில் இப்போது இருக்கும் செட் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மர்பி டவுனில் மௌரீன் என்ற அம்மாள், துரைமாரோடு காட்டுக்குப் போன தன் தாத்தாவின் சாமான்களைக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லியிருந்தாள். நிருபமாவும் கூடப் போயிருந்தாள். சிறுத்தை வேட்டைக்கு ஆட்டைக் கட்டிவைக்கும் இரும்பு முளை. அதற்கான சங்கிலி. மணி கோத்த தோல் கழுத்துப்பட்டை. வேட்டைக்காரன் மரத்தின் மேல் பரண் கட்டி உட்காருவதற்குக் கித்தான் வைத்த மடக்கு நாற்காலி. கடைசியாக ஒரு கண்டு மெல்லிய நூல். அதன் நுனியில் பல் வைத்த சின்னப் பித்தளைக் கவ்வி. இவற்றை மௌரீன் வீடு முழுக்கத் தேடி எடுத்து வந்தாள். ஒன்று கட்டிலடியில் இருந்தது, ஒன்று குளியலறை ஜன்னல்மேல், நாற்காலி பக்கத்து வீட்டில்.

"எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டு வெக்கப்படாதோ?" என்று கேட்டாள் நிருபமா.

"எங்க வீட்ல அதுங்கள ஒண்ணா வெச்சதே இல்லம்மா. தாத்தா காலத்துல இருந்தே அப்படித்தான். ஏன்னு யாரும் கேட்டுக்கல," என்றாள் மௌரீன். "நீங்களும் அப்படியே வெச்சிக்கோங்க."

காரில் வரும்போது அச்யுத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரு முழு செட்டை எப்படிப் பிரிச்சுப் போட்டு வெச்சிருக்கா பாரேன், பாவம்." அன்றைக்கே எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கூடத்தில் ஒன்றாக வைத்துவிட்டான்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு வாசனை. முதலில் மழை வாசனை என்று நினைத்தாள், பிறகு சாக்கடை என்று நினைத்து முனிசிபாலிட்டியைத் திட்டினாள். கூடத்தை இரண்டு தரம் பினாயில் போட்டுத் துடைத்து, சாம்பிராணி போட்டு, ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்த பிறகும், பரணுக்கு நேர் கீழே வந்தால் மட்டும், நனைந்த ஆட்டு மயிரும் கசங்கிய பச்சிலையும் சேர்ந்த மாதிரி அது மூக்கில் ஏறியது. கொல்லைப்புறச் சுவரில் எப்போதும் படுத்துக்கிடக்கும் பூனைகளைக் காணவில்லை. கேட்டருகே சோற்றுக்கு வந்து நிற்கும் தெருநாய் எதிர்ச்சாரியிலேயே நின்று இந்த வீட்டைப் பார்த்தது. கூப்பிட்டாள். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரத் வந்தான். அச்யுத்தின் ஆபீஸ் சிநேகிதன், அவனுக்கும் இதே கிறுக்குதான். கன்னடக்காரன், நிருபமாவை 'அத்திகே' என்று அண்ணி முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"இந்த நூல் எதுக்கு பரத்?" காபியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சில ஆடு பயமே இல்லாம சும்மா அசை போட்டுட்டு நிக்கும் அத்திகே. அது கத்தலன்னா சிறுத்தை எப்படி வரும்? அதான், இந்த கிளிப்பை ஆட்டுக் காதுல மாட்டி, நூலை மேல எடுத்துட்டுப் போயிடுவாங்க. மேல இருந்து இழுத்தா கத்தும்."

நிருபமாவின் கை தானாகவே இடது காதுக்குப் போயிற்று. அன்றைக்குச் சமையலறையில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். இரண்டு ஆண்பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

"அதைவிட அழகு ஒண்ணு இருக்கு," என்றான் அச்யுத். "சிறுத்தை புதர்ல படுத்துண்டு எல்லாத்தையும் பார்த்துண்டுதான் இருக்கும். மனுஷா வந்திருக்கான்னு அதுக்குத் தெரியும். அதனால ஒருத்தன் மேல ஏறி உக்காந்ததும், மத்தவா எல்லாரும் சத்தமா பேசிண்டு, சிரிச்சிண்டு திரும்பிப் போவா. அதுக்கு எண்ணத் தெரியாதோல்லியோ? எல்லாரும் போயாச்சுன்னு நெனச்சுக்கும்."

சேகரிப்பாளர் குழுவுக்கு ஒரு வீடியோ போடவேண்டும் என்று ஆரம்பித்தார்கள். பழைய அண்டாவில் மண்ணை நிரப்பி முளையை அடித்தார்கள். சங்கிலியையும் பட்டையையும் மாட்டினார்கள். அச்யுத் ஏணி வைத்துப் பரணில் ஏறி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நூலைக் கீழே தொங்கவிட்டான். பேசிக்கொண்டே போகிறவர்கள் நிருபமாவும் பரத்தும்.

"சத்தமாப் பேசறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா?" என்று புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். "இந்த வருஷம் மாம்பழம் சுகமே இல்லை பரத், எல்லாம் ஒரே புளிப்பு!" என்று ஊருக்கே கேட்கும்படி ஆரம்பித்து, கேட் வரைக்கும் சிரிப்பும் கும்மாளமுமாகப் போனார்கள். கேட்டில் நின்று மூச்சு வாங்கியபோது, உள்ளே மணி ஒரு தரம் அசைந்தது.

திரும்பி வந்தபோது அச்யுத் பரணில் அப்படியே உட்கார்ந்திருந்தான். நூல் அவன் கையில் சுற்றியிருந்தது. கண் காலிப் பட்டைமேல் இருந்தது.

"மணியை ஏன் ஆட்டினே?"

"நான் ஆட்டலை." பிறகு தனக்குள் பேசுகிற மாதிரி சொன்னான்: "இரையே கட்டாம ஆரம்பிச்சுட்டோம், நிரூ."

அதற்குப் பிறகு அவன் பழைய அச்யுத் இல்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் பரணில் ஏறிவிடுவான். சாப்பிடக் கூப்பிட்டால் இறங்குவான், தட்டில் இருப்பதைத் தின்பான், ஒரு கேலி கிடையாது, ஒரு பேச்சு கிடையாது. அவள் பேசினால் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளைத் தாண்டி, அவள் முதுகுக்குப் பின்னால், தாழ்வாக எதையோ பார்ப்பான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். மேலே கித்தான் மெதுவாக முனகிக்கொண்டே இருக்கும். அவன் வீட்டில் இல்லாத பகலிலும் முனகியது. காது மூன்று தரம், நான்கு தரம் இழுபட்டது. ஒருநாள் கண்ணாடி முன்னால் தோட்டைக் கழற்றிப் பார்த்தபோது, மடலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் காயங்கள், பல் பதிந்த மாதிரி.

அன்றைக்கு அழுதேவிட்டாள். "அந்த நாற்காலி ஒண்ணு இந்த ஆத்துல இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும். எனக்குப் பயமா இருக்கு அச்யுத். உன்னைப் பார்த்தாலே பயமா இருக்கு."

அவன் சண்டைக்கு வரவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியம். "சரி," என்றான். "பரத்தை வரச் சொல்றேன். நாற்காலியை எடுத்துண்டு போகட்டும்." அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அது வெளியே போனால் போதும், மனுஷன் திரும்பிவிடுவான்.

பரத் வந்த அன்று இருட்டுகிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. கூடத்தில் டார்ச் வெளிச்சம் அலைவதையும், ஏணி நகர்வதையும், நாற்காலி மடங்குகிற சத்தத்தையும் நிருபமா சமையலறையிலிருந்தே கேட்டாள். போய்ப் பார்க்க மனம் வரவில்லை. வாசனை போகட்டும் என்று கொல்லைக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வரேன் அத்திகே!" பரத்தின் குரல்.

"கார்ல வெச்சுட்டு வந்துடறேன், நிரூ!" அச்யுத்தின் குரல்.

வாசற்கதவு சாத்திக்கொண்டது. இருவரும் பேசிக்கொண்டே மழையில் இறங்கிப் போனார்கள். நிருபமா பெருமூச்சு விட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிய மாதிரி இருந்தது. "அப்பாடா, விட்டது சனி," என்று இருட்டிடம் சொன்னாள். "நாளைக்கு முதல் வேலையா அந்த அண்டாவைக் கழுவிக் கவுக்கணும்." பேசிக்கொண்டே செல்போனைத் தடவி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

தெருவிலிருந்து அச்யுத்தின் சிரிப்பு கேட்டது.

இவ்வளவு பலமாக அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று. காருக்குப் போக இவ்வளவு தூரமா. கார் கேட்டருகில்தானே நிற்கிறது. பேச்சு போய்க்கொண்டே இருந்தது. மழைக்கு மேலே, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி, தெருக்கோடியை நோக்கி.

"இந்த வருஷம் மாம்பழம் சுகமே இல்லை பரத்! எல்லாம் ஒரே புளிப்பு!"

அது அவள் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னது. அவன் குரலில்.

மேலே கித்தான் முனகியது.

நாற்காலியைத்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே. மடக்குகிற சத்தம் கேட்டதே. சத்தம் மட்டும்தான் கேட்டது. அவள் பார்க்கவில்லை.

வாசனை எழுந்தது. ஈர மயிர். பச்சிலை. அதற்கு அடியில் இன்னொன்று, புதிதாக, காரமாக. அது கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தது. திறந்து வைத்த கதவு. மூடவேண்டும். ஒரு அடி எடுத்து வைத்தாள்.

மணி அடித்தது.

அவள் காலடியில் இல்லை. அண்டாவில் இல்லை. அவள் முகவாய்க்குக் கீழே. அசைந்தால் அடித்தது. நின்றால் நின்றது. கழுத்தில் ஏதோ கனத்தது, ஈரத் தோல்.

கை காதுக்குப் போயிற்று. தோடு இல்லை. சில்லென்ற பித்தளை. அதிலிருந்து நூல். விரலால் நூலைத் தொட்டாள். மேலே போயிற்று.

கத்தக்கூடாது. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. கத்தினால் வரும். கத்தாதவரைக்கும் வராது. பிறந்ததிலிருந்து ஓயாத வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். செல்போன் நழுவி, முகம் குப்புற, தரையில் விழுந்தது. அதன் டார்ச் எப்படியோ எரிந்துகொண்டு, வெளிச்சம் நேரே மேலே போயிற்று.

அச்யுத் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

உலர்ந்த சட்டை. மழையில் நனையாத தலை. முழங்கால்மேல் வைத்த கையில் நூல் சுற்றியிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். தெருக்கோடியில் அவன் குரல் கடைசியாக ஒரு தரம் சிரித்தது. பிறகு மழை மட்டும்.

"அச்யுத்" என்று அவள் கண்ணால் கெஞ்சினாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, சமையலறை வாசலில், தரையோடு தரையாக, எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் மெதுவாக, மிக மெதுவாக, அவள் முதுகை நோக்கி நகர்ந்து வந்தது. நின்றது.

காத்திருந்தான்.

நிருபமா விரல்களைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

அவன் நூலை இழுத்தான். அவள் கத்தவில்லை.

மறுபடியும் இழுத்தான்.