நாலாவது சீட்

“எங்கம்மா செத்து ஏழு மாசம் ஆச்சு. போன வாரம் நீங்க அவங்களுக்குக் கண்ணாடி துடைக்கிற துணி வித்திருக்கீங்க!”

மழையோடு மழையாகக் கடைக்குள் நுழைந்தவள், குடையைக்கூட மடக்காமல் இப்படித்தான் ஆரம்பித்தாள். ஒரு மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்த கண்ணாடிக்காரன் நிமிர்ந்தான். அவள் கண்களைப் பார்த்தான்... பார்த்தவன் பார்த்தபடியே இருந்தான். திருகாணி விரலிடுக்கிலிருந்து நழுவி எங்கோ உருண்டு போயிற்று.

கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்ட கண்கள். மழைத்துளி ஒன்று இமை நுனியில் விழட்டுமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. ஆனால் அவன் விறைத்துப்போனது அழகுக்காக இல்லை. இதே கண்களை, கொஞ்சம் சுருக்கம் விழுந்த இமைகளோடு, அவன் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க... மைல்ஸ் அம்மாவோட பொண்ணா?”

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டில் அப்பா கிண்டலாகக் கூப்பிடும் பெயர் அது. இவன் வாய்க்கு எப்படி வந்தது?

பெயர் வந்த கதை இதுதான். சோப்பு வாங்கினாலும் சரி, சைக்கிளுக்கு டயர் வாங்கினாலும் சரி, “உங்க கடையில மைல்ஸ் ஏறுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா வாசற்படியில் காலை வைப்பாள். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பாயிண்ட். விமானக் கம்பெனியோடு சேர்ந்த கடையில் நம்பரைச் சொன்னால் அதற்கு மேல் மைல்ஸ்; போதுமான அளவு சேர்ந்தால் காசில்லாமல் விமான டிக்கெட். இப்படி வருஷக்கணக்கில் துளித்துளியாகச் சேர்த்தாள். எல்லாம் எதற்கு? கடல் தாண்டிக் கல்யாணமாகிப் போன மூத்த மகளைப் பார்க்க. அங்கே பிறக்கப்போகும் பேரக்குழந்தையை அப்பா, அம்மா, இவள், தம்பி, நாலு பேரும் ஒன்றாகப் போய்த் தூக்க வேண்டும். நாலு டிக்கெட்டுக்கு மைல்ஸ் சேர்ந்த மாதத்தில் அம்மா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். பாவம், அந்தக் குழந்தை இப்போது தவழவும் ஆரம்பித்துவிட்டது.

இறந்தவரின் மைல்ஸைப் பிள்ளை பேருக்கு மாற்றிக்கொள்ளலாமாம். இவள் காகிதங்களை அனுப்பினாள். கம்பெனியிலிருந்து பதில் வந்தது... ‘உங்கள் தாயார் இறந்த பிறகும் ஒரு கண்ணாடிக்கடையில் அவர் கணக்கில் மைல்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் தன் தவறென்று எழுதித் தராவிட்டால் கணக்கு மொத்தமும் ரத்து.’ அம்மாவின் இத்தனை வருஷப் பாடும் ஒரே வரியில் போய்விடும் என்றால் வயிறு எரியாதா? அதுதான் இந்த மழையில் வந்து நிற்கிறாள்.

“யாரோ எங்கம்மா நம்பரைச் சொல்லி உங்களை ஏமாத்துறாங்க.”

“யாரோ இல்லீங்க. சின்ன உருவம். சாம்பல் கலர் சால்வை. இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு. ‘மைல்ஸ் ஏத்திட்டியா தம்பி, மறந்துடாதே’ன்னு ரெண்டு தடவை கேட்பாங்க. பட்டப்பேரையும் அவங்களேதான் சொல்லிச் சிரிச்சாங்க.”

தழும்பு... அம்மா தண்ணீர்க் குழாயில் இடித்துக்கொண்டது.

“கேமரா இருக்கே, காட்டுங்க!”

“அது பொம்மைங்க. திருடன் பயப்படட்டும்னு மாட்டினது.”

“திருடன் பயந்தானோ என்னமோ, எனக்கு உதறுது. இங்க பாருங்க... ‘தப்பு என்னோடது, அவங்க வரல’ன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. நான் போயிட்டே இருப்பேன்.”

“வந்தவங்களை வரலேன்னு எப்படிங்க எழுதுறது? இந்தக் கடையிலிருந்து ஒரு பவர் தப்பாப் போனதில்ல. என் கையெழுத்துல பொய்யும் போகாது.”

“திமிர்!”

“இருக்கட்டுங்க.” அவன் குரல் தாழ்ந்தது. “ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. போன வாரம் அவங்க சொன்னது... ‘என் பொண்ணு வருவா. குடையை மடக்காம வந்து சண்டை போடுவா. கண்ணை டெஸ்ட் பண்ணாம அனுப்பிடாதே. டிக்கெட் தேடித் தேடி போன்லயே கண்ணைக் கெடுத்துக்கிட்டா.’”

அவள் தன் கையைப் பார்த்தாள். குடை விரித்தபடியே இருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் குளமாக நின்றது. தலைவலி இருப்பதையும், வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளின் முகம் மங்குவதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. குடையை மடக்கி வைத்துவிட்டுப் பேசாமல் போய்ப் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

குறுகலான அறை. எழுத்து அட்டை அவள் தலைக்குப் பின்னால் இருந்தது. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில்தான் அதைப் பார்த்துப் படிக்க வேண்டும். அவன் விளக்கை அணைத்தான். கனமான சட்டம் ஒன்றை அவள் மூக்கில் வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகினான். விரல் கன்னத்தில் பட்டுவிடாமல் எவ்வளவு ஜாக்கிரதை! பட்டிருந்தால்கூட இத்தனை படபடப்பு இருந்திருக்காது.

“இது தெளிவா... அது தெளிவா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“கணக்கு டீச்சர் இப்படி வழவழன்னு பதில் சொல்லலாமா?”

“நான் கணக்கு டீச்சர்னு உங்களுக்கு யார் சொன்னது?”

அவன் அடுத்த லென்ஸை எடுத்தான். யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியே மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

எதிர்க் கண்ணாடியில் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. எழுத்துகளுக்குக் கீழே, அவளுக்குப் பின்னால், வாடிக்கையாளர் காத்திருக்கும் நாற்காலி. அதில் சாம்பல் நிறமாக... மடியில் கையைக் கோத்துக்கொண்டு...

“கடையில வேற யாராவது இருக்காங்களா?”

“இந்த மழையிலயா? யாரும் இல்லையே.”

“பின்னாடி நாற்காலியில... யாரோ உட்கார்ந்திருக்காங்க.”

லென்ஸைப் பிடித்திருந்த அவன் கை அப்படியே நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாக அடுத்த லென்ஸைச் செருகினான். எழுத்துகள் பளிச்சென்று தெளிந்தன. நாற்காலியும் தெளிந்தது. காலி. அமுங்கியிருந்த மெத்தை மட்டும், இப்போதுதான் யாரோ எழுந்து போனதைப் போல, மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

அவள் சட்டத்தைக் கழற்றி அவன் கையில் திணித்துவிட்டு, குடையையும் மறந்து மழையில் ஓடினாள்.

வீட்டில் அப்பாவும் தம்பியும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த தலையைக்கூடத் துவட்டாமல் அவள் நேரே ஃபிரிட்ஜ் அருகே போனாள். அதன் மேல்தான் அம்மாவின் மூக்குக்கண்ணாடி இருக்கிறது. அம்மா கடைசியாகக் கழற்றி வைத்த இடம். யாருக்கும் எடுக்க மனசு வரவில்லை.

“அப்பா... அம்மா கண்ணாடியை நீங்களா துடைக்கிறீங்க?”

“நீதானேம்மா துடைக்கிறே?”

“நான் தொட்டதே இல்லப்பா.”

இருவரும் தம்பியைப் பார்த்தார்கள். “என்னை எதுக்குப் பார்க்குறீங்க? நான் என் கண்ணாடியையே துடைக்க மாட்டேன்,” என்றான் அவன். சொன்ன பிறகுதான் அவனுக்கும் முகம் வெளுத்தது.

ஃபிரிட்ஜின் மேல் ஏழு மாதத் தூசி படிந்திருந்தது. நடுவில் அந்தக் கண்ணாடி மட்டும் பளபளவென்று மின்னியது. அதன் அடியில், நான்காக மடித்த நீலத் துணி ஒன்று. மூலையில் அந்தக் கடையின் பெயர்.

அப்பா துணியை எடுத்தார். முகத்தில் வைத்துக்கொண்டார். “அவ இல்லாம நான் பிளேன்ல ஏற மாட்டேன்” என்று மாதக்கணக்காக வீம்பு பிடித்த மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார்.

“அவ இன்னும் கிளம்பலம்மா... நம்ம வீட்டு வேலையை முடிச்சுக்கிட்டுத்தான் போவா. நீ டிக்கெட் போடு. நான் வரேன்.”

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் கடைக்குப் போனாள். குடையை எடுக்கத்தான் போகிறேன் என்று வழி நெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குடை காய்ந்து, அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கதவில் ஒட்டியிருந்த விமானக் கம்பெனி ஸ்டிக்கரை அவன் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“என்ன பண்றீங்க?”

“காலையிலேயே கம்பெனிக்கு எழுதிட்டேன். கடையை அவங்க திட்டத்துலேர்ந்து தூக்கிட்டாங்க.”

“பொய் எழுத மாட்டேன்னீங்க?”

“பொய் எழுதல டீச்சர். ‘மைல்ஸ் கார்டை வாங்கிப் பார்க்காம நம்பரை மட்டும் கேட்டு ஏத்தினேன், தப்பு என்னோடது’ன்னு எழுதினேன். அது உண்மைதானே? உங்க அம்மா முகத்தைப் பார்த்தா கார்டு கேட்கத் தோணல.”

ஒரு தப்பும் நடந்ததில்லை என்று நேற்று நெஞ்சை நிமிர்த்தியவன், இன்று தன் தப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். யாருக்காக? அவளுக்குக் கண் கலங்கியது.

“திமிர்னு சொன்னதுக்கு... ஸாரி.”

“பரவாயில்லீங்க. எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். மைல்ஸ் ஏறாத கடைக்கு அவங்க இனிமே எதுக்கு வரப்போறாங்க?”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் நீலத் துணி ஒன்றை எடுத்து நீட்டினான்.

அதற்குப் பிறகு, அவன் செய்து கொடுத்த அவள் புதுக் கண்ணாடிக்கு வராத வியாதி இல்லை. ஒரு நாள் காதோரம் அழுத்தியது, ஒரு நாள் மூக்கில் வழுக்கியது, ஒரு நாள் காரணமே சொல்லாமல் கழற்றி மேஜையில் வைத்தாள். அவனும் ஒரே திருகாணியைக் கால்மணி நேரம் திருகினான். “யாரும்மா அந்தக் கண்ணாடிக்காரத் தம்பி? வாரத்துக்கு ரெண்டு தடவை லூசாகுற மாதிரி கண்ணாடி செஞ்சிருக்காரே... ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா,” என்று அப்பாவே கேட்டுவிட்டார். ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. நன்றிக்காகப் பழகுகிறாள் என்று நினைத்துவிட்டால்? அவனும் திறக்கவில்லை. உதவி செய்துவிட்டுக் கூலி கேட்கிறான் என்று நினைத்துவிட்டால்? அடடா, இரண்டு கௌரவம் பிடித்த ஜீவன்கள்!

நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. அவள் ஒவ்வொரு முறையும் எதிர்க் கண்ணாடியில் ஓரக்கண்ணால் பார்ப்பாள். பயமாகத்தான் இருக்கும். இருந்தாலும் பார்ப்பாள்.

செத்தபின் ஏறிய மைல்ஸைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கம்பெனி அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்தது. நாலு டிக்கெட்டுக்கான மைல்ஸ் அப்படியே இருந்தது. பள்ளிக்கூட லீவில்தான் அவளாலும் தம்பியாலும் போக முடியும். மைல்ஸுக்கென்று விமானத்தில் ஒதுக்குவதே சில சீட்தான், லீவு நாளில் அதற்கும் அடிதடி. மறுபடி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், கடையிலேயே உட்கார்ந்து போனில் தேடினாள்.

“மூணு பேர்... இடமில்ல. அடுத்த நாள், இடமில்ல. லீவு முழுக்க இடமில்ல!”

“ரெண்டு ரெண்டாப் பிரிச்சுப் பாருங்களேன்.”

“அம்மா எல்லாரும் ஒண்ணாத்தான் போகணும்னு...” அவள் சட்டென்று நிறுத்தினாள். அவள் எதையும் தொடவில்லை. திரையில் ‘3’ என்றிருந்தது ‘4’ என்று மாறிக்கொண்டிருந்தது. லீவின் முதல் நாள். ஒரே வரிசையில் நாலு சீட்.

அவசரமாக மூன்றென்று மாற்றினாள். இடமில்லை. நாலு என்று போட்டாள். இருந்தது. மூன்று... இல்லை. நாலு... இருக்கிறது.

“நாலு இருந்தா மூணு இருக்கணும்ல? இது எந்த ஊர் கணக்கு!” அவள் போனை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் குனிந்து பார்த்தான். “உங்க அம்மா போட்ட கணக்கு போல...”

அப்போது பின்னால் ‘புஸ்’ஸென்று ஒரு சின்னச் சத்தம். மெத்தை அமுங்கும் சத்தம். இருவருக்கும் கேட்டது. இருவரும் திரும்பவில்லை. கடைக்குள் இருந்த காற்று சில்லிட்டு, கண்ணாடி அலமாரிகளில் ஆவி படர்ந்தது. அவள் கை தானாக அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது.

அம்மா தன் பங்கு டிக்கெட்டை வீணாகப் போக விடமாட்டாள். சோப்பு வாங்கிச் சேர்த்த மைல்ஸ் ஆயிற்றே!

“நாலாவது சீட்ல... நீங்க வர்றீங்களா?”

“நானா?” அவன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “இந்த மைல்ஸ் டிக்கெட் குடும்பத்துக்கு மட்டும்தானே டீச்சர்? என்ன உறவுன்னு கேட்பாங்களே...”

“கேட்பாங்க.”

“என்ன சொல்வீங்க?”

“அதைத்தான்... உங்ககிட்ட கேட்கிறேன்.”

புதுக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் முதல்முறையாகத் தாழ்ந்தன. மழை இன்னும் வலுத்தது. அவன் சட்டையைப் பிடித்திருந்த அவள் விரல்களின் மேல் தன் கையை வைத்தான். லென்ஸ் மாற்றும்போது இருந்த ஜாக்கிரதை இப்போது இல்லை.

“குடையை விரிச்சுக்கிட்டு உள்ளே வந்தீங்களே... அன்னிக்கு உருண்டு போன திருகாணியை நான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன். உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும். போதுமா? எழுதிக்கோங்க... கட்டிக்கப் போறவன்னு எழுதிக்கோங்க.”

அவள் எழுதினாள். எழுத்துகள் கண்ணீரில் கலங்கின. கலக்கத்தில், அவன் தோளுக்குப் பின்னால், சாம்பல் நிறமாக எதுவோ மெல்ல எழுந்து நிற்பது தெரிந்தது. நாலு சீட்டும் உறுதி என்று போன் சொன்னதும் வாசல் கதவின் மணி குலுங்கியது. கதவு திறந்தது. யாரும் இல்லை. மழைச் சாரல் மட்டும் உள்ளே வந்தது.

அவன் வழக்கம்போல் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பார்த்துப் போங்கம்மா...”

பக்கத்தில் வந்து நின்ற அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. துடைத்தால் தெளிந்துவிடும். தெருமுனை வரைக்கும் அந்தச் சால்வை போவதைப் பார்த்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.