பிணத்தின் டீமில் ஒரு ஸ்லீப்பர்!

டுவேனின் போன் அடித்தது.

எடுக்க வேண்டிய டுவேன், நிலவறைப் படிக்கட்டின் அடியில், கழுத்து ஒரு பக்கமும் உடம்பு மறுபக்கமுமாகக் கிடந்தான்.

"டேய்... டுவேன்!"

மேல்படியில் நின்ற லைல் கூப்பிட்டான்.

"விளையாடாதேடா! எந்திரி!"



தடதடவென்று இறங்கினான். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான்.

மூச்சு இல்லை!

ஒரே ஒரு தள்ளு. கோபத்தில் மார்பில் கை வைத்து ஒரே ஒரு தள்ளு... அதற்குள் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட வந்தவன் செத்துப் போய்விட்டான். லைல் படியில் உட்கார்ந்து அழுதான். நிஜமாகவே அழுதான்.

சண்டை எதற்கு? சொன்னால் சிரிப்பீர்கள்.

ஃபேன்டஸி ஃபுட்பால்!

விஸ்கான்சினின் அந்தச் சின்ன ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை நிஜ மைதானத்தில் யார் யாரோ பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி எலும்பை உடைத்துக்கொள்வார்கள். அவர்களில் பிடித்தவர்களைப் பொறுக்கி இவர்கள் போனில் ஆளுக்கொரு கற்பனை டீம் வைத்துக்கொள்வார்கள். அங்கே அவன் ஓடினால் இங்கே இவனுக்குப் பாயிண்ட்!

லைலுக்கு அந்த டீமை விட்டால் வேறு கதி இல்லை. மனைவி போய்ச் சேர்ந்தது வேறொருவன் வீட்டுக்கு. சீஸ் ஃபாக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்தால் பேசுவதற்குச் சுவர்தான். ஆட்டத்திலும் வருஷா வருஷம் கடைசி இடம். கடைசியாக வருகிறவன் பசுமாட்டு வேஷம் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலை முனையில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த தண்டனை. போன வருஷம் அப்படி நின்றபோது அவன் மகளின் கார் அந்த வழியாக வந்தது. வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இந்த வருஷம்தான் முதல் தடவையாக ப்ளே-ஆஃப் என்கிற இறுதிச் சுற்றின் வாசல் வரை வந்திருக்கிறான். பாக்கி இருப்பது ஒரே ஓர் இடம். அதற்குப் போட்டி, ஷெரிஃப் ஆபீஸில் துப்பறியும் அதிகாரியாக இருக்கும் ஜோலீன் பார்ட்டா. இன்று ஜோலீனோடு மோதுவது டுவேன்.

டுவேன் ஜெயித்தால் லைல் உள்ளே!

டுவேன் தோற்றால் லைல் வெளியே!

அதனால்தான் காலையில் போனைக்கூட வீட்டில் மறந்து வைத்துவிட்டு டுவேன் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"டுவேன்! உன் ரன்னிங் பேக் இருக்கானே, அந்தக் கோல்ங்கறவன், அவனுக்குக் கணுக்கால் பிசகிடுச்சாம். இன்னைக்கு ஆட மாட்டான்னு ரேடியோல சொல்லிட்டான். வேற ஓட்டக்காரனை மாத்துடா!"

"மாத்த மாட்டேன்."

"ஆடாதவனை வச்சா முட்டைதானேடா வரும்!"

"வரட்டுமே! டீமைத் தொட மாட்டேன்னு ஜோலீன்கிட்ட போன் பண்ணியே சொல்லிட்டேன். நீ ப்ளே-ஆஃப்ல வந்து என்ன கிழிக்கப் போறே? அந்த மாட்டு வேஷம்தான்டா உனக்குப் பொருத்தம். வாலு என்னமா ஆடுது உனக்கு!"

டுவேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் லைலின் கை நீண்டுவிட்டது...

போன் மறுபடி அடித்தது.

பிணத்தின் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். ஆட்டத்தின் நினைவூட்டல் மணி. திரையில் எழுத்து ஓடியது. 'உங்கள் டீமில் ஆடாத வீரர் இருக்கிறார். மாற்றுகிறீர்களா?'

மூளை உள்ள எவனும் அந்த நிமிஷமே ஓடியிருப்பான். லைலும் ஓடத்தான் எழுந்தான்.

ஆனால் கால் நகரவில்லை!

"மன்னிச்சுக்கோ, டுவேன்..."

பிணத்தின் கட்டைவிரலைப் பிடித்துத் திரையில் அழுத்தினான். போன் திறந்துகொண்டது.

நல்ல ஓட்டக்காரர்களை எல்லாம் மற்றவர்கள் எப்போதோ அள்ளிவிட்டார்கள். மிச்சம் இருந்தது யாரும் சீண்டாத கூட்டம். அதில் ஒரு ஸ்லீப்பரைப் பிடிக்க வேண்டும். வாரக்கணக்கில் பெஞ்சில் தூங்கிக் கிடந்து, ஒருநாள் திடீரென்று விழித்துக்கொண்டு பாயிண்டை வாரிக் கொட்டும் ஆள்!

லைல் பிணத்தின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஹியூஸ்டன் பையனைப் போடலாமா? வேகம்தான். ஆனா அவனுக்கு முன்னாடி நின்னு வழி பண்ணிக் குடுக்கற தடியனுங்க எல்லாம் ஆஸ்பத்திரில கிடக்கானுங்க. மயாமிக்காரன்? வேண்டாம்... கையில வெண்ணெய் தடவின மாதிரி பந்தை நழுவ விடுவான்."

விரல் கீழே இறங்கியது. ஒரு பெயரில் நின்றது.

"ஓட்டிஸ் பிராங்கம்! கோலோட டீம்தான், சிகாகோ. மூணாவது வரிசை ஆளு. பீப்பாய் மாதிரி உடம்பு. இன்னைக்கு ஆட்டம் நம்ம ஊர் மைதானத்துல... வெளிய பனி கொட்டுது. பனில வேகமா ஓடறவன் வழுக்கி விழுவான், பீப்பாய்தான் நிக்கும். கோட்டுக்குப் பக்கத்துல வந்தா இவன்கிட்டதான் பந்தைக் குடுப்பாங்க. என்னடா சொல்றே?"

டுவேன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் லைலைக் கிண்டல் செய்யாமல் இருந்தது அன்றுதான்.

லைல் கோலைத் தூக்கிவிட்டுப் பிராங்கமைப் போட்டான். போனைத் துடைத்தான். பையில் திருப்பி வைத்தான். பின்வாசல் வழியாக வெளியேறினான். கொட்டும் பனி அவன் காலடித் தடங்களை மூடிக்கொண்டே வந்தது.

பெவ்வின் பாரில் ஊரே கூடியிருந்தது.

எல்லார் உடம்பிலும் உள்ளூர் டீமின் பச்சைச் சட்டை. பெரிய டி.வி.யில் சிகாகோவுடன் ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது.

லைல் ஒரு மூலையில் பீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிராங்கம் இதுவரை பெஞ்சை விட்டு எழவே இல்லை. ஆட்டமோ முடியப் போகிறது. மனம் பாறையாகக் கனத்தது. ஒருவனைக் கொன்றாயிற்று... அதுவும் வீண்!

கதவு திறந்தது.

தொப்பியில் பனியோடு ஜோலீன் பார்ட்டா! நேராக லைலிடம் வந்தாள்.

"லைல்... உனக்கு எத்தனை தடவை போன் பண்றது?"

"போன் வீட்லயே கிடக்கு. காலைலேர்ந்து கண்ணாலயே பாக்கல. ஏன்?"

"நம்ம டுவேன்... போயிட்டான்."

"எங்க?"

"செத்துட்டான், லைல்!"

லைல் பீரைக் கீழே வைத்தான். நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கண் நிறைந்தது.

"ஐயோ... எப்படி?"

"நிலவறைப் படில வழுக்கி விழுந்திருக்கான். அவன் பொண்டாட்டி மார்சி சர்ச்சுலேர்ந்து வந்து பாத்துட்டு அலறிட்டா. படியெல்லாம் அவன் பூட்ஸ்ல ஒட்டின பனி ஈரம். விபத்துன்னு எழுதி முடிச்சிட்டேன்."

விபத்து!

லைல் தப்பித்துவிட்டான்!

"நீ உக்காரு, ஜோலீன். ரெண்டு பிராண்டி சொல்றேன்."

"சொல்லு. மனசே சரியில்ல."

டி.வி.யில் சத்தம் கூடியது. கடைசி நிமிஷம். சிகாகோ கோட்டுக்கு மிக அருகே வந்துவிட்டது. பார் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

சிகாகோ பெஞ்சிலிருந்து ஒரு பீப்பாய் எழுந்தது.

பந்து அதன் கைக்குப் போனது. ஒருவனை இடித்தது. இன்னொருவனை முதுகில் இழுத்துக்கொண்டே போனது... கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்தது!

டச் டவுன்!

"பிராங்கம்! என் ராசா! பிராங்கம்!"

நாற்காலி கவிழ்ந்தது. கையை உயர்த்திக்கொண்டு குதித்தது லைல்!

பார் கப்சிப்பென்று ஆனது. பச்சைச் சட்டைகள் அத்தனையும் ஒன்றாகத் திரும்பின.

"டேய்..." பெவ் கவுன்டரிலிருந்து உறுமினாள். "சிகாகோவுக்கா கத்தறே? என் கடைல நின்னுக்கிட்டா?"

லைலின் கைகள் தானாகக் கீழே இறங்கின. ஜோலீன் மட்டும் அசையாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் போனை எடுத்தாள். பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"பிராங்கம் டுவேனோட டீம்ல இருக்கான், லைல்."

"அ... அப்படியா?"

"டீமைத் தொட மாட்டேன்னு காலைல என்கிட்ட சத்தியம் பண்ணினான் டுவேன். சொன்னா சொன்னதுதான், அவ்வளவு வீம்பு பிடிச்சவன். அப்போ மாத்தினது யாரு?"

"மனசு மாறியிருப்பான்..."

"சரி, மாறினான்னே வை. போனைக் கண்ணாலயே பாக்காத உனக்கு அது எப்படித் தெரியும்? சிகாகோ ஜெயிச்சா இந்த ஊர்ல நாய்கூடக் குரைக்காது. அவன் ஓடினதுல லாபம் இருக்கறவன்தான் குதிப்பான். டுவேன் ஜெயிச்சா யாருக்குடா லாபம்?"

லைல் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தக் குனிந்தான்.

"நீதான் அங்க இருந்தியா, லைல்?"

"வேணும்னு பண்ணலே, ஜோலீன்..." உடைந்து அழுதான். "சிரிச்சான்... என்னைப் பாத்து சிரிச்சுட்டே இருந்தான்... லேசாத்தான் தள்ளினேன்."

அந்த நேரம் பார்த்துக் கடையே கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஆரவாரித்தது!

டி.வி.யில் நடுவரின் மஞ்சள் துணி பனியின்மேல் கிடந்தது. சிகாகோக்காரன் ஒருவன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டானாம். டச் டவுன் செல்லாது! அடுத்த பந்து உள்ளூர்க்காரன் கைக்குப் போய், ஆட்டமும் முடிந்தது.

பிராங்கமுக்கு முட்டை. டுவேன் தோற்றான். ப்ளே-ஆஃபின் கடைசி இடம் ஜோலீனுக்கு.

லைல் திரையையே வெறித்தான். இதற்காகவா? ஒரு உயிர், ஒரு நட்பு, மிச்சமிருந்த தன் வாழ்க்கை... எல்லாம் போனது இந்தச் செல்லாத ஓட்டத்துக்காகவா?

"அப்போ..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இந்த வருஷமும் நான் உள்ள போகலையா, ஜோலீன்?"

ஜோலீன் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தாள்.

"யார் சொன்னா? பத்துப் பேர்ல நீ ஒருத்தன்தான் லைல், நிச்சயமா உள்ள போறே!"