மூன்று முறை திருப்பி அனுப்பியவன்

நூலகத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் காலி. அவள் சார்ஜரை நீட்டிய அதே நொடியில் இன்னொரு கையும் நீண்டது...

"என் போன்ல மூணு பர்சென்ட்தான் இருக்குங்க."

"என் லேப்டாப்ல ரெண்டு," என்றாள் அவள்.

அவன் சிரித்துக்கொண்டே விலகி, மழை நனைத்த கண்ணாடியைத் துடைத்தபடி எதிரே உட்கார்ந்தான். அந்தக் கண்கள்... சே, இன்றைக்கா இதெல்லாம்?

பலர் கூடி உருவாக்கி இலவசமாகத் தரும் இயங்குதளத்துக்கு, எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை, யாரும் எளிதாக ஏற்றிக்கொள்ளும் பேக்கேஜாகக் கட்டியிருந்தாள். அடுத்த பதிப்பில் சேர, இன்று ஐந்து மணிக்குள் அது ஏற்கப்பட வேண்டும். அண்ணனின் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் அந்த இயங்குதளத்தோடு வருவது மட்டும்தான் ஏறும். அங்கே வாத்தியாராக இருக்கும் அண்ணனுக்குப் பார்வை மங்கிவருகிறது; இது தவறினால் அவன் வேலையே போய்விடும்.

"யாரை முணுமுணுன்னு திட்டிட்டிருக்கீங்க?" என்றான் அவன்.

"பேக்கேஜைச் சரிபார்க்கிற ஒருத்தன். 'கறார்'னு பேரு வச்சிருக்கான். மூணு தடவை திருப்பி அனுப்பிட்டான். என் மெஷின்ல ஜம்முனு ஓடுது. நெஞ்சுல ஈரமே இல்லாத ஆளு."

அவன் காது மடல் சிவந்தது.

"அது... நான்தாங்க."

அவன் தன் லேப்டாப்பைத் திருப்பினான். "எதுவுமே ஏத்தாத புது மெஷின் இது. இதுல கட்டிப் பாருங்க."

பாதியில் நின்றது. என்றோ வேறு வேலைக்காகத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றி மறந்துபோன துணை நிரல் ஒன்றைத் தேவைப் பட்டியலில் எழுதாமல் விட்டிருந்தாள்.

"ஒரு வரிதான். நான் சேர்க்கட்டுமா?"

"வேண்டாம். என் தப்பு, நானே திருத்திக்கிறேன். நகருங்க."

தட்டினாள். இம்முறை கடைசிவரை ஓடியது. நாலாவது தடவையாக அனுப்பினாள். மணி நாலு ஐம்பது.

"ஓகே சொல்லுங்க."

"மாட்டேன். சரிபார்க்கிற வேற ஒருத்தருக்குத் தள்ளிவிட்டுட்டேன்."

"பத்து நிமிஷம்தான் இருக்கு. என்னங்க விளையாடுறீங்க?" அவள் கண் கலங்கியது.

ஜன்னலில் மழை... திரையில் எந்த அசைவும் இல்லை. நாலு ஐம்பத்தெட்டுக்கு ஒரு வரி வந்தது: ஏற்கப்பட்டது.

ஜெயித்துவிட்டாள். அண்ணன் ஜெயித்துவிட்டான். நூலகம் என்பதையும் மறந்து உரக்கச் சிரித்தாள். பிறகுதான் கோபம் திரும்பி வந்தது.

"நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"பிடிச்சவங்களோட வேலையை நாங்க சரிபார்க்கக் கூடாது. அது எங்க விதி," என்றான் மேஜையைப் பார்த்தபடி. "ஒரு மணி நேரம் முன்னாடின்னா சொல்லியிருப்பேன்..."

அவள் லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

"அப்போ உங்க பேக்கேஜ் எதையும் என்கிட்ட அனுப்பாதீங்க," என்றாள். "என்னாலயும் சரிபார்க்க முடியாது."