முசுறு ஏறிய மாமரம்

புஷ்பாவால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே பேசினாள்.

"என் ஊட்டுக்காரரு துலுக்கானம், திருமுல்லைவாயில்ல ஒரு அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன் மேடம். மொத மாடி பாஸ்கரன் சார் பீரோவுலருந்து மூலப்பத்திரத்த நேத்து மத்தியானம் எவனோ எடுத்துட்டானாம். மாமரத்துல ஏறி, பால்கனி வழியா. இவரு கையில முசுறு எறும்பு கடிச்சிருக்கவும் இவரத்தான் இட்டுகினு போய்ட்டாங்கோ. சாயங்காலம் கோர்ட்டாம்."

"கடி எங்கெங்க இருக்கு?" என்று கேட்டார் சாமுண்டீஸ்வரி. தடயவியல் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"மணிக்கட்டு வரிக்கும்தான். கீழ வுழுந்து கெடந்த எலக்கூட்ட இன்னிக்கி காலைல வாரிப் போட்டாரு."

சாமுண்டீஸ்வரியின் உதவியாளன் ஜெகதீஷ் அதற்குள் கார் சாவியோடு வாசலில் நின்றான்.

அபார்ட்மென்ட்டின் மாமரமெங்கும் முசுறுகள் நிலைகொள்ளாமல் ஓடின. பால்கனியை ஒட்டிய கிளை முறிந்து, மேல்பக்கத்துப் பட்டையில் மட்டும் தொங்கியது. அதிலிருந்த இலைக்கூடு பாதி கிழிந்திருந்தது. சில எறும்புகள் இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்க, சில தம் புழுக்களைக் கவ்வி வந்து, அவை சுரந்த நூலால் ஒட்டின. அடிமரத்தில் ஒரு கரப்பானை ஆறேழு எறும்புகள் ஆளுக்கொரு காலாகப் பிடித்து விரித்திருந்தன. மரத்தில் கை வைத்த ஜெகதீஷ் உடனே உதறினான்.

மாடியில் பாஸ்கரன் கதவைத் திறந்தார். "மாங்காடு கோயிலுக்குப் போயிருந்தேன் மேடம். வந்து பார்த்தா கிளை முறிஞ்சிருக்கு, பீரோ திறந்திருக்கு. போலீஸுக்குச் சொல்லிட்டுக் கீழ போய் நின்னுட்டேன். பால்கனிப் பக்கமோ மரத்துப் பக்கமோ போகவே இல்ல."

"நாற்காலியில கிடக்கிறது நேத்து போட்ட சட்டையா?"

"ஆமா."

சாமுண்டீஸ்வரி அதை வெளிச்சத்தில் விரித்தார். காலர் மடிப்பில் ஐந்து சிவப்புப் புள்ளிகள். ஜெகதீஷ் குனிந்து பார்த்தான். "எறும்புத் தலை மேடம். உடம்பே இல்ல."

"முசுறு கவ்வினா விடாது. பிய்ச்சு எறிஞ்சாலும் தலை துணியிலயே நிக்கும். மரத்தைக் கட்டிப் பிடிச்சு ஏறினவனுக்கு நெஞ்செல்லாம் கடிச்சிருக்கும். துலுக்கானத்துக்குக் கை மட்டும். ஆள் பாரத்துல கிளை முறிஞ்சா கீழ்ப்பட்டைதான் ஒட்டிட்டிருக்கும். இதுல மேல்பட்டை ஒட்டியிருக்கு. பால்கனியில நின்னு யாரோ மேல இழுத்து ஒடிச்சிருக்காங்க. கூடு அவங்க கழுத்துல கொட்டியிருக்கு. பத்திரம் எங்க, பாஸ்கரன்?"

பாஸ்கரனின் கை கழுத்துக்குப் போய் நின்றது. பிறகு செருப்பு அலமாரியின் பின்னாலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். "தங்கச்சி பாகம் கேட்டு கேஸ் போட்டிருக்கா. தொலைஞ்சதுன்னு சொன்னா கொஞ்ச நாள் இழுக்கலாம்னு... வாட்ச்மேனைப் பிடிப்பாங்கன்னு நினைக்கல."

"பிடிச்ச பிறகும் பேசாமத்தானே இருந்தீங்க?"

நான்கு மணிக்குத் துலுக்கானம் காவல் நிலையத்திலிருந்து வெளியே வந்தார். உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு நின்ற பாஸ்கரன், "மன்னிச்சிடுப்பா" என்றார்.

துலுக்கானம் சட்டைப் பொத்தானைப் போட்டபடி அவரைப் பார்த்தார். "என் ரெண்டு பொண்ணுங்க முன்னாடிதான் சார் என்னை ஜீப்ல ஏத்துனாங்கோ. அதுங்ககிட்ட வந்து சொல்லு."

புஷ்பா முன்னால் நடந்தாள். சற்று நேரம் கழித்துப் பாஸ்கரனும் பின்னால் நடந்தார்.